உள்ளங்கை வியர்வைக்குப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேட்டிருப்பவர் பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண், வயது 23. கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குப் போய் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதித் தோல், தைக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்தே இரண்டு உள்ளங்கையும் சொட்டச் சொட்ட வியர்க்கிறதாம். வெளிர் நிறத் தோலில் விரல் தடம் விழுந்து சூப்பர்வைசரிடம் தினமும் பேச்சு. தை மாதம் கல்யாணம். இரண்டு கையிலும் போடாக்ஸ் ஊசி போட்டால் நின்றுவிடும் என்று வேலூரில் ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். ‘விஷத்தைக் காசு கொடுத்து உடம்பில் ஏற்றிக்கொள்வார்களா?’ என்கிறாராம் அம்மா. போடலாமா, நிரந்தரமாக நிற்குமா, கை மரத்துப்போய்விடுமா என்பது கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்: போடலாம், நிற்கும், ஆனால் நான்கைந்து மாதத்துக்குத்தான். கை மரத்துப்போகாது. கட்டைவிரலின் பிடி மட்டும் சில வாரங்களுக்குத் தளரலாம். உங்கள் பிழைப்பு முழுவதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் மற்றவர்களுக்குச் சொல்வதை அப்படியே உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய ஒரு சிகிச்சையும் இருக்கிறது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

வட ஆற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்திலிருந்து தோல் மருத்துவம் பார்க்கிறவன் நான். எங்கள் பக்கம் தோல் என்றால் ஏற்றுமதி. நான் பார்ப்பது உயிரோடிருக்கிற தோல். கை வியர்வை என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கையை நீட்ட மாட்டார்கள். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே வைத்திருப்பார்கள். அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததுமே பாதி நோய் தெரிந்துவிடும். பரீட்சைத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் வைத்து எழுதிய கதை, ரேஷன் கடையில் கைரேகை விழாமல் வரிசையே முறைத்த கதை எல்லாம் பிறகு வரும். நம் ஊரில் கை நனைப்பது என்றால் விருந்து சாப்பிடுவது. இவர்களுக்கு மட்டும் எந்நேரமும் நனைந்த கை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. ‘அம்மாவுக்கும் கை ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.’ எனக்கு முக்கியமான வரி அதுதான். உங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பீடி இலையை நனைத்துத்தானே வெட்டுவார்கள்? ஈர இலையைப் பிடிக்கிற கை ஈரமாக இருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? ஒரே கைதான். அம்மாவின் தொழிலில் அது ஒளிந்துகொண்டது, உங்கள் தொழிலில் வெள்ளைத் தோல் மேல் அச்சாக விழுகிறது. இந்த நோய் குடும்பவழியில் வருவது சர்வசாதாரணம்.

நோய் என்று சொல்கிறேனே தவிர, உங்கள் வியர்வைச் சுரப்பிகளில் கோளாறு எதுவும் இல்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எல்லோருக்குமே சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். உங்களுக்கு எண்ணிக்கையும் கூடுதல் இல்லை, அளவும் பெரிதில்லை. அவற்றுக்குக் கட்டளையிடும் பரிவு நரம்பு தேவைக்கு மேல் கூவுகிறது, அவ்வளவுதான். முதுகும் நெற்றியும் வெயிலுக்கு வியர்க்கும், உள்ளங்கை பெரும்பாலும் மனத்துக்கு வியர்க்கும். அதனால்தான் ‘பயந்த சுபாவம்’ என்று பெயர் வாங்கித் தருகிறது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றதும் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தால் நோய் வந்ததா, நோயால் பயம் வந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு ஏது சூப்பர்வைசர்?

இது அந்த வகைதானா என்று உறுதி செய்துகொள்ளச் சில கேள்விகள் போதும். 25 வயதுக்கு முன் தொடங்கியதா? இரண்டு கையிலும் ஏறக்குறைய சமமாக வருகிறதா? தூங்கும்போது நின்றுவிடுகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? வாரம் ஒருமுறையாவது வந்து வேலையைக் கெடுக்கிறதா? ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வியர்வையில் இவற்றில் இரண்டு பொருந்தினாலே கணக்கு சரி. உங்களுக்கு ஐந்தும் பொருந்துகின்றன. நள்ளிரவில் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உலர்ந்திருக்கும்.

மாறாக, முப்பது வயதுக்கு மேல் திடீரென்று தொடங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ கதை வேறு. எடை குறைந்து நெஞ்சு படபடத்தால் தைராய்டு பார்க்க வேண்டும். ராத்திரியில் உடம்பெல்லாம் நனைந்து, மாலைக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் காசநோய்க்குச் சளி கொடுக்க வேண்டும். மனச்சோர்வுக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும். உங்களுக்கு இவை எதுவும் இல்லை. இருந்தாலும் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவில்லாமல் முடிந்துவிடும்.

அடுத்து அம்மாவின் கேள்வி. அவர் சொல்வது முழுக்க உண்மை. போடாக்ஸ் என்பது கெட்டுப்போன உணவில் ஒருவகைக் கிருமி சுரக்கும் விஷம்தான். 1820களில் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் கெட்டுப்போன தொத்திறைச்சி தின்றவர்கள் கண்ணிமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சடைத்துச் செத்தார்கள். யுஸ்டினஸ் கெர்னர் என்ற மாவட்ட மருத்துவர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். மனிதர் கவிஞரும்கூட. அந்த நச்சைத் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தவர். நோயாளிகளுக்கு வாயும் தோலும் உலர்ந்துபோவதைக் குறித்துவைத்து, நரம்பு மிகையாகத் துள்ளும் நோய்களில் இதையே மிகச் சிறிய அளவில் மருந்தாக்கலாமே என்றும் எழுதிவிட்டார். அதை மெய்ப்பிக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் இது மருந்தாக ஒப்புதல் பெற்றது 1989இல். வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்த அதே ஆண்டு. அக்குள் வியர்வைக்கு 2004இல் ஒப்புதல் கிடைத்தது. உள்ளங்கைக்கு அங்கே இன்றுவரை தனி ஒப்புதல் இல்லை. ஆனாலும் உலகெங்கும் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக உள்ளங்கையிலும் போட்டுவருகிறார்கள். ஒப்புதல் அக்குளுக்குத்தான் என்பதை ஊசி போடுகிறவர் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

வேலை செய்கிற விதம் எளிது. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வந்து சுரப்பியைத் தட்டினால்தான் வியர்வை ஊறும். அந்தப் பொருள் நரம்பு நுனியை விட்டு வெளியேறும் வாசலை இந்த நச்சு அடைத்துவிடுகிறது. நரம்பு கூவிக்கொண்டே இருக்கும், சுரப்பிக்குக் கேட்காது. தொடு உணர்ச்சி வேறு நரம்பிழைகளின் வழியே போவது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதனால்தான் கை மரத்துப்போகாது என்றேன். சில மாதங்களில் அடைப்பு விலகி, நரம்பு நுனியும் புதிதாகக் கிளைவிட்டுப் பழையபடி பேசத் தொடங்கிவிடும். மருந்து நிரந்தரமில்லை என்பதற்குக் காரணம் அதுதான். பக்கவிளைவு வந்தாலும் அதுவும் நிரந்தரமில்லை என்ற ஆறுதலும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் நேரே ஊசிக்குப் போகாதீர்கள்.

முதல் படி, அலுமினியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைசல், 20 சதவீதம். இரவில் படுக்கப்போகும்போது தடவ வேண்டும். தூக்கத்தில் சுரப்பி ஓய்ந்திருக்கும், அப்போதுதான் மருந்து வியர்வைக் குழாய்க்குள் இறங்கி அடைக்கும். காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக்கையில் தடவினால் அமிலமாகி எரியும். ‘பூசினேன், எரிந்தது, விட்டுவிட்டேன்’ என்கிறவர்கள் பெரும்பாலும் கழுவிய கையோடு பூசியவர்கள். உள்ளங்கைத் தோல் தடிமனானது என்பதால் அக்குள் அளவுக்கு இங்கே எடுபடாது. மூன்று நான்கு வாரம் பார்த்துவிட்டு நகரலாம்.

இரண்டாவதுதான் நான் சொல்லவந்தது, அயான்டோபோரசிஸ். பெயர் பெரிது, சங்கதி சிறிது. இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு கை, தண்ணீர் வழியாக 15 முதல் 20 மில்லியாம்பியர் நேர்மின்சாரம், 20 முதல் 30 நிமிடம். முதலில் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை. இரண்டு மூன்று வாரத்தில் கை உலரத் தொடங்கும். பிறகு வாரம் ஒருமுறை செய்துகொண்டால் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் மிகச் சுத்தமாக இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது, சிட்டிகை உப்போ சமையல் சோடாவோ சேர்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து போர்த் தண்ணீருக்கு அந்தக் கவலையே இல்லை. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் நமக்கு விட்டுவைத்த உப்பு நன்மை செய்கிற ஒரே இடம் இந்தத் தட்டுதான் என்று நோயாளிகளிடம் சொல்வதுண்டு. யாரும் சிரிப்பதில்லை.

வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். கீறல் இருந்தால் அதன்மேல் வாசலின் தடவ வேண்டும். மின்சாரம் ஓடும்போது கையை வெடுக்கென்று எடுக்கக் கூடாது, சுரீரென்று அடிக்கும். கர்ப்பிணிகளுக்கும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், கையில் உலோகத் தகடு வைத்தவர்களுக்கும் இது ஆகாது. தோல் பிரிவில் கருவி இல்லாவிட்டால் பிசியோதெரபி பிரிவில் கேளுங்கள். அங்கே இருக்கும் நேர்மின்சாரக் கருவியையே இதற்கும் பயன்படுத்துவார்கள். வீடியோ பார்த்து வீட்டில் பேட்டரியை மாட்டிக்கொள்ள வேண்டாம். புண்ணோடு வந்த கைகளைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சிக்கல் நேரம்தான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு சேர்கிற பெண் வாரம் மூன்று நாள் எங்கே போய்த் தட்டில் கைவைத்து உட்காருவது என்பது நியாயமான கேள்வி. முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் எப்படியாவது சமாளியுங்கள். பலன் தெரிந்தால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போதும், அல்லது சொந்தமாக ஒரு கருவியே வாங்கிவிடலாம்.

மாத்திரையும் உண்டு: கிளைகோபைரோலேட், ஆக்சிபியூட்டினின். கையை மட்டும் தேடிப்போய் உலர்த்தும் புத்தி மாத்திரைக்குக் கிடையாது. வாய் வறளும், மலம் இறுகும், பார்வை மங்கும், சிலருக்குச் சிறுநீர் கட்டும். பரீட்சைக்கு, நேர்முகத் தேர்வுக்கு என்று ஒரு நாள் இரண்டு நாள் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேலூரின் கத்திரி வெயிலில், தகரக்கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்காருகிறவர் தினமும் விழுங்குவதை நான் விரும்ப மாட்டேன். உடம்பைக் குளிர்விக்கிற வியர்வையையும் அது சேர்த்தல்லவா நிறுத்துகிறது? மயங்கி விழுந்தால் கம்பெனியில் சாப்பிடாமல் வந்தாள் என்றுதான் சொல்வார்கள்.

இவையெல்லாம் பார்த்தும் போதவில்லை என்றால் ஊசி. அது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் எந்த இடம் எவ்வளவு வியர்க்கிறது என்று வரைபடம் எடுக்க வேண்டும். கையைத் துடைத்து அயோடின் கரைசல் பூசுவார்கள். மஞ்சள்பழுப்பாகக் காயும். அதன்மேல் சோளமாவை மெல்லிய துணி வழியாகத் தூவுவார்கள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு விரல் நுனிகளில் ஊசிமுனை அளவுக்குக் கருநீலப் புள்ளிகள் முளைக்கும். கண்ணெதிரே அவை ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளங்கை முழுவதும் மைக்கூடு கவிழ்ந்ததுபோல் ஆகிவிடும். எங்கே வெளுத்தே இருக்கிறதோ அங்கே ஊசி தேவையில்லை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, ‘அப்படியானால் நான் கற்பனை செய்யவில்லை’ என்று அழுதவர்கள் உண்டு. பத்து வருடம் யாரும் நம்பாத ஒன்றை ஒரு கைப்பிடி மாவு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிறகு பேனாவால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் வைப்பார்கள். விரல்களையும் சேர்த்து ஒரு கைக்கு முப்பதிலிருந்து ஐம்பது புள்ளி வரும். ஒவ்வொன்றிலும் இன்சுலின் ஊசி போன்ற மெல்லிய ஊசியால் ஏறத்தாழ இரண்டு யூனிட் மருந்து. ஒரு கைக்கு 50 முதல் 100 யூனிட் ஆகும். தோலுக்குள்தான் போக வேண்டும், சதைக்குள் போகக் கூடாது. சரியாகப் போனால் கொசு கடித்ததுபோல் சின்னக் கொப்புளம் எழும்பும்.

வலிக்குமா? வலிக்கும். விரல் நுனியில் நன்றாகவே வலிக்கும். மரக்கச் செய்யும் களிம்பு உள்ளங்கையின் தடித்த தோலில் சரியாக இறங்காது. பனிக்கட்டி ஒத்துவதும் அதிர்வுக் கருவி வைப்பதும் ஓரளவு உதவும். நிம்மதியாக முடிய வேண்டும் என்றால் மணிக்கட்டில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டுவிடுவது மேல். ஆனால் இரண்டு கையையும் ஒரே நாளில் மரக்கச் செய்துவிட்டால் சில மணி நேரத்துக்குத் தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது, சோறு ஊட்ட ஆள் வேண்டும். சூடு தெரியாமல் அடுப்பில் கைவைத்துப் பொத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இனி கட்டைவிரல். உள்ளங்கையில் கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கிறதே, அந்தச் சதைதான் விரலை எதிரே கொண்டுவந்து கிள்ளவும் பிடிக்கவும் செய்கிறது. அங்கே ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் மருந்து தசைக்கு இறங்கி அதையும் தளர்த்திவிடும். ஊசி போட்ட முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு இரண்டு மாதம்கூட இழுக்கும். கணினி முன்னால் உட்காருகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, பாட்டில் மூடி திறக்கச் சிரமப்படுவார், அவ்வளவுதான். ஆரணியில் பட்டு நெய்கிறவருக்குப் பெரிய விஷயம். இரண்டு தோல் துண்டைக் கிள்ளிப் பிடித்து, வளைவில் ஊசிக்கு ஊசி திருப்பிக் கொடுக்கிற உங்களுக்கு மிகப் பெரிய விஷயம். இதை முன்கூட்டிச் சொல்லாமல் போட்டு, ஒன்றரை மாதம் பீஸ் ரேட் வேலை போய் என்னிடம் வந்த ஒரு தையல்காரரை மறக்க முடியவில்லை. ஊசியில் தவறில்லை, கை அருமையாக உலர்ந்திருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

அதனால் உங்கள் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘முதலில் இடது கை மட்டும் போடுங்கள். விரல் நுனிகளை விட்டுவிடாதீர்கள், தோலில் படுவது அதுதான். கட்டைவிரல் மேட்டில் குறைவாக, மேலாகப் போடுங்கள்.’ நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு கை எப்படி நடந்துகொள்கிறது என்று மூன்று நான்கு வாரம் பார்த்துவிட்டு வலது கைக்குப் போகலாம். மேட்டில் கொஞ்சம் வியர்வை மிஞ்சினால் மிஞ்சட்டும்.

கையின் ஈரத்தை முழு எதிரியாகவும் நினைக்க வேண்டாம். இதை நான் கற்றது கரிகிரியில். தொழுநோய்க்காகவே 1955இல் அங்கே தொடங்கிய மையத்தில் இளம் மருத்துவனாகச் சில மாதங்கள் இருந்தேன். தொழுநோயில் நரம்பு செத்த கை உணர்ச்சியை மட்டும் இழப்பதில்லை, வியர்வையையும் இழக்கிறது. காய்ந்து, பனைமட்டைபோல் வெடித்து, வெடிப்பு வழியாகப் புண் ஏறும். தினமும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவச் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே முக்கியமான பாடம். மடங்கிப்போன தொழுநோய்க் கைகளைத் தசைநார் மாற்றி வைத்து நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் வளர்த்தெடுத்ததும் இதே வேலூர் சிஎம்சியில்தான். கையைப் பற்றி இவ்வளவு யோசித்த ஊர் வேறு இருக்குமா தெரியவில்லை. ஊசிக்குப் பிறகு கை அளவுக்கு மீறி உலர்ந்தால் இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கொஞ்சம் ஈரம் இல்லாவிட்டால் காகிதம்கூடப் புரட்ட வராது. இதைப் படிக்கிற யாருக்காவது உடம்பில் வெளிறிய, உணர்ச்சி குறைந்த, வெயிலிலும் வியர்க்காத தேமல் இருந்தால், அவர்கள் இந்தப் பதிலை விட்டுவிட்டு நாளைக்கே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யாருக்கு ஊசி கூடாது? கர்ப்பிணி, பாலூட்டும் தாய், மயஸ்தீனியா போன்ற தசைச்சோர்வு நோய் உள்ளவர், கையில் சீழ்ப்புண் இருப்பவர். ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஆண்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் சொல்லிவிட வேண்டும், அவை நச்சின் வேலையைக் கூட்டும். உள்ளங்கைக்குப் போடும் அளவு அபூர்வமாகத்தான் உடம்பில் பரவும். அப்படி விழுங்கக் கஷ்டம், கண்ணிமை தொங்குதல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

பணம். உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை ஒரு தடவை ஊசியே தாண்டிவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். ஆகவே ‘எத்தனை ஊசி’ என்றோ ‘எத்தனை சிசி’ என்றோ கேட்காதீர்கள், ‘எந்த மருந்து, எத்தனை யூனிட்’ என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் கலந்து எவ்வளவு வேண்டுமானாலும் சிசி ஆக்கலாம். ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமும் இல்லை. போடாக்ஸில் 100 என்றால் டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டில் 250, 300 வரை வரும், அதைப் பார்த்து அதிகம் கிடைத்ததாக மகிழ வேண்டாம். குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்திருக்க வேண்டும். உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, பேட்ச் எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழகு நிலையத்தில் சலுகை விலைக்குப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒரேயடியாக நரம்பை வெட்டிவிடலாம் என்று யாராவது ஆசைகாட்டக்கூடும். மார்பில் சிறு துளை போட்டுக் கேமரா வழியாகப் பரிவு நரம்புச் சங்கிலியை வெட்டுவதோ கிளிப் போடுவதோ உண்டுதான். கை அன்றே உலரும், அதில் பொய் இல்லை. ஆனால் கையில் அடைத்த வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்பும். பெரும்பாலோருக்கு ஓரளவாவது வரும், சிலருக்குக் கைவியர்வையே தேவலை என்று தோன்றுமளவுக்கு வரும். வந்தபின் திரும்ப வழி இல்லை. தண்ணீரில்லா ஆறு என்று பாலாற்றைக் கேலி செய்கிற இந்த ஊரில், மே மாதத்தில் ரவிக்கையும் பாவாடையும் பிழியப் பிழிய நனைந்தால் என்ன செய்வீர்கள்? ஊசி தப்பானால் ஆறு மாதம். கத்தி தப்பானால் ஆயுள்.

கல்யாணக் கணக்குக்கு வருகிறேன். ஊசி வேலை செய்ய மூன்று நான்கு நாள் ஆகும், முழுப் பலனுக்கு இரண்டு வாரம். விட்டுப்போன இடங்களுக்கு அப்போது மீண்டும் மாவு தூவிப் பார்த்துக் கொஞ்சம் சேர்ப்பார்கள். கட்டைவிரல் தளர்ந்தால் தேறவும் அவகாசம் வேண்டும். தை முகூர்த்தம் என்றால் இடது கை ஐப்பசிக் கடைசி, வலது கை கார்த்திகைக் கடைசி. பாணிக்கிரகணத்தின்போது மாப்பிள்ளை பிடிப்பது வலது கையைத்தான், அது புதிய பலனோடு இருக்கும். அதற்கு முன் ஆவணி, புரட்டாசியில் தண்ணீர்த் தட்டைச் செய்து பார்த்துவிடுங்கள். அது போதுமானதாக இருந்தால் அந்தப் பணத்தில் ஒரு வளையல் வாங்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு நாள் தள்ளிப்போனால் ஊசியும் கிடையாது, தட்டும் கிடையாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையிடம் இதை முன்னாலேயே சொல்லலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அது மருத்துவக் கேள்வி இல்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள். நான்கு மாதத்தில் ஊசி இறங்கியதும் கை தானே சொல்லிவிடும்.

ஊசி போடும் நாளில் மருதாணி வேண்டாம், புள்ளியும் அயோடின் நிறமும் சிவந்த கையில் தெளிவாகத் தெரியாது. வளையல், மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கம்பெனியில் இரண்டு நாள் லீவு சொல்லுங்கள், மறுநாள் அங்கங்கே கன்றிப்போய் வலிக்கும். திரும்பும்போது பஸ்ஸில் மரத்த கையை ஜன்னலுக்கு வெளியே வைக்காதீர்கள், எதில் இடித்தாலும் தெரியாது. ஜன்னல் பக்கம் அம்மா உட்காரட்டும். மருத்துவர் அறையிலேயே அம்மா கையிலும் கொஞ்சம் அயோடின் பூசி மாவு தூவிக் காட்டச் சொல்லுங்கள்.